செப்டிக் லாரியில் சிரித்த பெண்

டாக்டர் வின்ஃபீல்டு லாத்ராப் அன்று ரயில்வே கேட்டில் பதினொரு நிமிடம் நிற்காமல் போயிருந்தால், எங்கள் குடும்பம் பாட்டுக்கு அதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும். கரி ஏற்றிய சரக்கு ரயில். நூற்றி முப்பது பெட்டி. டாக்டரின் காருக்கு நேர் முன்னால் நின்றது என் தம்பி லீலண்டின் செப்டிக் டேங்க் லாரி. காலையில் மூன்று வீடுகளில் உறிஞ்சி நிரப்பிக்கொண்டு வந்த லாரி. அதன் பின்பக்கத்தில் ஒட்டிய பெரிய படத்தில், இரும்புக் குண்டைக் கழுத்தில் அணைத்தபடி, என் தம்பி மகள் கொரின் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே சிவப்பு எழுத்தில்: 'எவ்வளவு தூரமானாலும் குபிசெக்!'

டாக்டர் லாத்ராப் மிடில் பிளாட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு நேர்மை அலுவலகத்தின் தலைவர். கொரின் அதே பல்கலைக்கழகத்துக்காகக் குண்டு எறிகிறவள். அந்த அலுவலகத்தில் நாற்பத்தொரு பேர் வேலை செய்கிறார்கள். குண்டு எறிகிறவர்களுக்குப் பயிற்சியாளர் ஒருவர். அவரும் அரை நாள்தான் வருவார்.

கல்லூரி விளையாட்டுப் பிள்ளைகள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று விதி மாறிச் சில வருடங்களாகின்றன. அதற்கு முன்னால் அவர்களுக்கு யாராவது ஒரு சாண்ட்விச் வாங்கிக் கொடுத்தாலே குற்றம். இப்போது தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம். எதற்காக வாங்கிக் கொடுத்தோம் என்று பதினான்கு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும்.

லீலண்டின் நிறுவனத்தில் போன் எடுப்பது, பில் போடுவது, அவனைத் திட்டுவது மூன்றும் என் வேலை. அதனால் அந்த அழைப்பும் எனக்குத்தான் வந்தது.

"குபிசெக் நிறுவனங்களா? நான் ஷெல்பி ராஸ்க், விளையாட்டு நேர்மை அலுவலகத்துல இருந்து பேசறேன். உங்க லாரியில இருக்கிற பொண்ணு யாருங்க?"

"என் தம்பி பொண்ணு. லாரி ஓனரோட மகள்."

"அந்தப் படத்துக்கு அவங்களுக்கு எவ்வளவு குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலையே."

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பேசுவாரே, அப்படி ஒரு குரலில் கேட்டாள்.

"ஒண்ணுமே குடுக்கலையா? அது இன்னும் மோசம்ங்க."

விவரமாகச் சொன்னாள். பணம் கொடுத்துவிட்டு அலுவலகத்துக்குச் சொல்லாமல் இருந்தால் அது ஒரு குற்றம். பணமே கொடுக்காமல் இருந்தால் சந்தை மதிப்புக்குக் கீழே மாணவியைச் சுரண்டியது ஒரு குற்றம், சொல்லாமல் சுரண்டியது இன்னொரு குற்றம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கோப்பு முடியாவிட்டால், சனிக்கிழமை நடக்கும் மாநிலங்களுக்கு இடையிலான இறுதிப் போட்டியில் கொரின் வட்டத்துக்குள் கால் வைக்க முடியாது.

அன்று செவ்வாய்க்கிழமை. கொரினுக்கு அது நான்காவது வருடம், கடைசிப் போட்டி. ஏழாம் வகுப்பிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கத்து மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் எறிந்து எறிந்து, அங்கே புல் முளைப்பதே நின்றுபோயிருந்தது. மூன்று வருடமும் அவள் வந்தது நான்காவது இடம். மேடையில் ஏறுவது மூன்று பேர்.

லீலண்ட் ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, நம்ம பொண்ணு படத்தை நம்ம லாரியில போடறதுக்கு யார்கிட்ட கேக்கணும்?"

"பல்கலைக்கழகத்துக்கிட்ட."

"லாரி அவங்களுதா?"

"இல்ல."

"அப்ப பொண்ணு?"

"அதுலதான்டா அவங்களுக்குச் சந்தேகம்."

அவன் ஒரு பூட்ஸோடு அப்படியே உட்கார்ந்துவிட்டான். கொரினின் அம்மா அரிசோனாவில் புதுக் கணவரோடு கோல்ஃப் ஆடுகிறாள். கிறிஸ்துமசுக்கு ஒரு பெட்டி ஆரஞ்சு அனுப்புவாள். பன்னிரண்டு வயதிலிருந்து பெண்ணை வளர்த்தது இவன்தான். இத்தனை வருடமும் தான் செய்துகொண்டிருந்தது சுரண்டல் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை.

புதன்கிழமை படிவம் வந்தது. ஆறாவது கேள்வி: 'விளம்பரதாரர் மாணவிக்கு இதுவரை அளித்த அனைத்து அன்பளிப்புகளையும் தேதியுடன் பட்டியலிடவும்.' நான் பொறுப்பானவள். உட்கார்ந்து எழுதினேன். பனிக்காலப் பூட்ஸ், எட்டு ஜோடி. சைக்கிள், ஒன்று. அம்மை போட்டபோது ஐஸ்கிரீம், அளவு நினைவில்லை. ஈஸ்டருக்குப் பன்றித் தொடைக்கறி, வருடத்துக்கு ஒன்று. பதின்மூன்றாம் வயதில் பல்லுக்குக் கம்பி.

ஒரு மணி நேரத்தில் ஷெல்பி கூப்பிட்டாள்.

"இந்தப் பல்லுக் கம்பி விஷயம்தாங்க சிக்கல். படத்துல அவங்க சிரிக்கிறாங்க. அந்தப் பல்லை நேராக்கச் செலவு பண்ணினது விளம்பரதாரர். அப்படின்னா எட்டு வருஷம் முன்னாடியே விளம்பரத்துக்கு முதலீடு பண்ணியிருக்கார்னு ஆகுது. அது தூண்டுதல், விதிப்படி தப்பு."

வாரநாள் என்றும் பாராமல் வீட்டுக்கு ஓடி வந்திருந்த கொரின் போனை வாங்கினாள். ஆறடி உயரம். அவள் சிரித்தால் சமையலறை ஜன்னல் அதிரும்.

"நான் பல்லைத் திருப்பிக் குடுத்துடணுமா?"

"இல்லைங்க, கம்பியோட மதிப்பை ஏதாவது தர்ம காரியத்துக்குக் குடுத்தாப் போதும். ஈஸ்டர் கறிக்கும் சேர்த்து."

"கறியைச் சாப்பிட்டாச்சே."

"முழுசாவா?"

"எலும்பு நாய்க்குப் போச்சு."

"அப்ப எலும்பைக் கழிச்சுக்கலாம்," என்றாள் ஷெல்பி. கிண்டல் இல்லை. உண்மையாகவே உதவத்தான் பார்த்தாள் அந்தப் பெண்.

கம்பிக்கும் கறிக்குமாக நாங்கள் ஊர் உணவு வங்கிக்குப் பீன்ஸ் டப்பாக்களை ஏற்றிக்கொண்டு போனோம். ஏற்றிப் போக எங்களிடம் இருந்தது அந்த லாரிதான். உணவு வங்கிக்காரம்மா லாரியைப் பார்த்ததும் கதவைச் சாத்தப் போனாள். இறங்கி விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை விசாரணை. இடம், ஒரு கறிக் கம்பெனி கட்டிக் கொடுத்த பிரெஸ்லர் சாசேஜ் நேர்மை அரங்கம். வாசலில் நான்கடி உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் சாசேஜ், தலையில் பட்டமளிப்புத் தொப்பியோடு நின்றது. உள்ளே மேசை ஒரு டிராக்டர் நிறுவனம் கொடுத்தது, நாற்காலிகள் ஒரு வங்கி கொடுத்தது. ஒவ்வொன்றின் முதுகிலும் அந்தந்தப் பெயர். லீலண்ட் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போடும் ஒரே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

டாக்டர் லாத்ராப் எழுந்து நின்றார். வெள்ளை முடி, அழகான குரல். மாதா கோவிலில் இருந்திருக்க வேண்டியவர்.

"விளையாட்டுங்கறது புனிதமானது," என்றார். "வேர்வை, உழைப்பு, நட்பு. இதுக்குள்ள பணம் நுழையவே கூடாது. நுழைஞ்சே ஆகணும்னா, நம்ம வாசல் வழியா நுழையணும். நூறு வருஷமா இந்தப் பிள்ளைங்களைப் பணத்துக்கிட்ட இருந்து காப்பாத்தினோம். எவ்வளவு பணம் தெரியுமா? எண்ண முடியாத பணம். ஒரு பைசா அவங்க கையில படாம முழுசையும் நாங்களே தாங்கிக்கிட்டோம். இப்ப சட்டம் மாறிடுச்சு. ஆனா காப்பாத்தற மனசு மாறலை."

சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். தம்ளரில் ஒரு குளிர்பானத்தின் பெயர்.

கொரின் கையைத் தூக்கினாள். "சார், என் போட்டிப் பனியன்ல அஞ்சு கம்பெனி பேர் இருக்கு. அது விளம்பரமா?"

"இல்லம்மா. அது கூட்டுறவு."

"எங்கப்பா லாரியில இருக்கிறது?"

"அது விளம்பரம்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"கூட்டுறவுல பணம் எங்களுக்கு வரும்," என்றார் அவர், சின்னப் பிள்ளைக்குக் கடிகாரம் பார்க்கச் சொல்லிக் கொடுப்பது போன்ற பொறுமையோடு.

பிறகு லீலண்டின் பக்கம் திரும்பினார். "திரு. குபிசெக், உங்க மகளுக்கு முன்னாடி லாரியில வேற யாராவது விளம்பரத்துல இருந்தாங்களா?"

"இருந்தாங்க. டச்சஸ்."

"முழுப் பேரு?"

"டச்சஸ்தான் சார். மாவட்டக் கண்காட்சியில நீல ரிப்பன் வாங்கினா."

"எந்த விளையாட்டுல?"

"பன்னிங்க சார்."

டாக்டர் ஒரு நொடி யோசித்தார். ஷெல்பி தட்டச்சு செய்துகொண்டே இருந்தாள்.

"அந்தப் பன்றிக்கு ஊதியம் ஏதாவது வழங்கப்பட்டதா?"

"இல்ல சார். சாப்பிட்டுட்டோம்."

"பன்றியையா?"

"ஆமாங்க. கிறிஸ்துமசுக்கு."

இப்படி ஒரு வாய்ப்பு அந்த அலுவலகத்துக்கு வந்ததே கிடையாதாம். மாணவியின் சந்தை மதிப்பைக் கண்டுபிடிக்க, அதே இடத்தில் அதே பொருளை அதே அளவில் விளம்பரம் செய்த இன்னொருவர் வேண்டும். வழக்கமாக அப்படி யாரும் கிடைக்க மாட்டார்கள். இங்கே கிடைத்துவிட்டது. மதிப்பீட்டுப் பிரிவிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். என்னிடம் கணக்கு கேட்டார்கள். பன்றி படம் போட்ட வருடம் எங்களுக்கு வேலை நூற்றுக்குப் பன்னிரண்டு கூடியது. கொரின் படம் போட்ட வருடம் ஆறு. அரை மணி நேரம் ஓரமாக நின்று பேசினார்கள்.

"மாணவியின் நியாயமான சந்தை மதிப்பு, பன்றியின் மதிப்பில் சரிபாதி," என்று வாசித்தார் டாக்டர். "டச்சஸின் கறி விலையை வைத்து, ஆண்டுக்கு இருநூற்றுப் பத்து டாலர்."

லீலண்ட் எழுந்துவிட்டான். "என் பொண்ணு பன்னியில பாதியா?"

"நாங்க சொல்லலைங்க. சந்தை சொல்லுது."

"அந்தச் சந்தையைக் கொஞ்சம் வெளியில வரச் சொல்லுங்க!"

நான் அவன் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "டேய், உக்காருடா." கொரினைப் பார்த்தேன். அவள் அழுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, டச்சஸ் நிஜமாவே அழகுப்பா. நியாயமான தீர்ப்பு," என்றாள்.

ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. விளம்பரத்துக்கு உண்மையான வியாபார நோக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பு சரியாக இருந்தாலும் செல்லாது. "இந்தப் படத்தை எதுக்காகப் போட்டீங்க? உங்க வார்த்தையிலயே சொல்லுங்க," என்றார் டாக்டர்.

லீலண்ட் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தான். பேச்சு அவனுக்கு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

"நாள் பூரா அடுத்தவங்க வீட்டுக் கழிவைத்தான் சார் பாக்கறேன். குழாயை மாட்டிட்டு வண்டியைச் சுத்தி வரப்போ ஒரு நல்ல முகத்தைப் பாத்தா தேவலைன்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

ஷெல்பியின் விரல்கள் நின்றுவிட்டன.

"அதாவது," என்றார் டாக்டர் மெதுவாக, "வியாபார நோக்கம் எதுவும் இல்லைன்னு..."

"இருக்குங்க!" என்று நான் எழுந்தேன். "அந்த முகத்தைப் பாத்தா வேகமா வேலை செய்யறான். ஒரு டேங்குக்கு பத்து நிமிஷம் மிச்சம்."

"உற்பத்தித் திறன்," என்றார் டாக்டர், முகம் மலர்ந்து. "எழுதிக்கோங்க."

கொரினுக்கு அனுமதி கிடைத்தது. நாங்கள் எழுந்து கை குலுக்கப் போனபோது டாக்டரின் பார்வை லீலண்டின் தொப்பியில் விழுந்தது. பல்கலைக்கழகத்தின் சின்னம் போட்ட தொப்பி.

"அது எங்க கடையில வாங்கினதா?"

"ஆமா சார். இருபத்தெட்டு டாலர்."

டாக்டர் திரும்ப உட்கார்ந்தார். பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுத்து, அதன் விளையாட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று விரும்புகிற எவரும் 'தொடர்புடைய ஆதரவாளர்'. தொடர்புடைய ஆதரவாளர் ஒருவர், தான் ஒப்பந்தம் போட்ட மாணவிக்கு மட்டும் மைதானத்தில் தனி ஊக்கம் தருவது, ஒப்பந்தத்துக்கு வெளியே தரும் கூடுதல் பலன். எனவே சனிக்கிழமை திரு. குபிசெக் கைதட்டலாம், கத்தலாம். ஆனால் போட்டியிடும் பதினாறு பேருக்கும் ஒரே அளவில். அலுவலகத்தின் சார்பில் ஷெல்பி ராஸ்க் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவார்.

காரில் வரும்போது லீலண்ட் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான். கடைசியில், "எல்லாருக்கும் ஒரே அளவுன்னா, என் பொண்ணுக்குக் கத்தறதைக் குறைக்கணுமா, மத்தவங்களுக்குக் கூட்டணுமா?" என்று கேட்டான்.

"அதை விதியில சொல்லலையே."

"அப்பக் கூட்டிடறேன்," என்றான்.

சனிக்கிழமை நல்ல வெயில், லேசான காற்று. ஷெல்பி கையில் எண்ணும் பொத்தானோடு வந்து அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். முதலில் எறிய வந்தவள் கான்சாஸ் பெண், ஒல்லி, பயந்த முகம். அவளுக்காக அங்கே யாரும் வந்திருக்கவில்லை. லீலண்ட் எழுந்து நின்று, வயலில் டிராக்டர் சத்தத்தை மீறிக் கூப்பிடும் குரலில், "போடும்மா தங்கம்! வானத்தைத் தொடு!" என்று கத்தினான். அந்தப் பெண் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எறிந்தாள். அவள் வாழ்க்கையிலேயே அதிக தூரம். ஷெல்பி பொத்தானை அழுத்தினாள்: ஒன்று.

அடுத்தவள் கோட்டை மிதித்ததால் அவள் எறிந்தது செல்லாமல் போனது. அவளுக்கும் அதே குரல். "பரவாயில்ல கண்ணு! கால்தானே, அடுத்த தடவை அதுக்கு புத்தி வந்துடும்!" இரண்டு. கொரின் வந்தபோது அவளுக்கும் அதே குரல், ஒரு துளி கூடுதல் இல்லை, குறைவும் இல்லை. அவள் எங்கள் பக்கம் திரும்பி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

இரண்டாவது சுற்றில் பெண்கள் எறிவதற்கு முன்னால் எங்கள் பக்கம் பார்க்க ஆரம்பித்தார்கள். மூன்றாவது சுற்றில், அயோவாவிலிருந்து வந்த முதலிடக்காரி, லீலண்ட் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை வட்டத்துக்குள் காத்து நின்றாள். சுற்றியிருந்த பெற்றோர்கள் முதலில் முறைத்தார்கள், பிறகு ஒருவர் சாண்ட்விச் நீட்டினார். ஷெல்பி அதை வாங்கிப் பிரித்துப் பார்த்து, சாதாரண சாண்ட்விச்தான் என்று தீர்மானித்து அவனிடம் கொடுத்தாள்.

கடைசி மூன்று சுற்றுகளுக்கு ஒன்பது பேர் மிஞ்சினார்கள். கொரின் வழக்கம்போல நான்காவது இடத்தில் இருந்தாள். ஆறாவது, கடைசிச் சுற்றில் அவள் முறை வந்தபோது பொத்தான் எழுபத்தொன்றைக் காட்டியது. கொரின் வட்டத்துக்குள் போய், குண்டைக் கழுத்தில் வைத்து, எங்களைப் பார்த்தாள். லீலண்ட் எழுந்து வாயைத் திறந்தான்.

காற்றுதான் வந்தது. குரல் போயே போய்விட்டது. மறுபடி முயன்றான். பழுதான பம்ப் மாதிரி ஒரு சீறல். இத்தனை நேரமும் யார் யார் பெண்ணுக்கோ கத்திய தொண்டை, சொந்தப் பெண்ணுக்கு, அவளுடைய கடைசி எறிதலுக்கு இல்லை. என் கையைப் பிடித்தான். நான் கத்தியிருக்க வேண்டும். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

அப்போது ஷெல்பி ராஸ்க் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள்.

"போடு கொரின்! போடுடீ! கிழிச்சு எடு!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. கொரினும்தான். பிறகு அவள் குனிந்தாள், சறுக்கினாள், சுழன்று நிமிர்ந்து கையை விட்டாள். குண்டு போன விதத்தைப் பார்க்கும்போதே தெரிந்துவிட்டது. பதினாறு மீட்டர் எண்பத்தோரு சென்டிமீட்டர். அவளுக்குப் பிறகு எறிந்த மூவரில் ஒருத்தி மட்டும்தான் அதைத் தாண்டினாள். அந்த மூவருக்கும் லீலண்ட் குரல் இல்லாமல் தொப்பியை வீசினான். அவன் சார்பில் சுற்றியிருந்த எல்லோரும் கத்தினார்கள். இரண்டாவது இடம். மேடையில் கொரின் ஏறியபோது லீலண்ட் சத்தமில்லாமல் அழுதான். அன்று அவனால் அப்படித்தான் அழ முடிந்தது.

ஷெல்பி பெஞ்சிலிருந்து இறங்கி, முகம் சிவக்க, தன் நோட்டைத் திறந்து எழுதினாள். எட்டிப் பார்த்தேன். 'ஆதரவாளர் தரப்பில் விதிமீறல் எதுவும் இல்லை. அலுவலகத்தின் தரப்பில் ஒன்று.'

திங்கட்கிழமை அலுவலகம் தன் மீதே விசாரணை தொடங்கியது. டாக்டர் லாத்ராப் உள்ளூர் ரேடியோவில் பேசினார். "எங்களையே நாங்க விசாரிக்கிற அளவுக்கு நாங்க நேர்மையானவங்க. முதல் கட்டத்துல எங்க மேல எங்களுக்கு முழு நம்பிக்கை இருக்குன்னு தெரிய வந்திருக்கு." விசாரணைக்காகக் கூடுதலாக ஆறு பேரை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். ஷெல்பி ராஜினாமா செய்துவிட்டு, அந்த அரை நாள் பயிற்சியாளருக்கு மீதி அரை நாள் ஆளாகச் சேர்ந்துவிட்டாள். சம்பளம் பாதிதான், ஆனால் இப்போது கத்தினால் யாரும் எண்ணுவதில்லை என்றாள்.

கொரினின் இருநூற்றுப் பத்து டாலர் செக்கை நான்தான் எழுதினேன். அவள் அதை மாற்றிக்கொண்டு நேராக வந்து, "அத்தை, கிளம்புங்க. அப்பாவுக்கு இன்னிக்கு ஸ்டேக் நான் வாங்கித் தரேன். பெரிய கறித் துண்டு," என்றாள்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. போட்டி முடிந்தாலும் பட்டமளிப்பு வரை அவள் அந்த அலுவலகத்தின் பட்டியலில் இருந்தாள். மறுபடி பீன்ஸ் டப்பா சுமக்க என் முதுகில் தெம்பில்லை. அலுவலகத்துக்குப் போன் போட்டேன். புதிதாகச் சேர்ந்த ஆள் எடுத்தார்.

"மாணவி தன் சம்பாத்தியத்துல அவங்க அப்பாவுக்குச் சாப்பாடு வாங்கித் தரப்போறா. எந்தப் படிவம் நிரப்பணும்?"

தாள்கள் புரளும் சத்தம் வெகுநேரம் கேட்டது. யாரையோ கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். லீலண்ட் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான்; கொரின் லாரியை ஸ்டார்ட் செய்துவிட்டாள்.

"மேடம்," என்றார் கடைசியில், ஏதோ தப்பு செய்துவிட்டவர் போல. "பணம் அந்தப் பக்கமாப் போறதுக்கு எங்ககிட்ட படிவமே இல்லைங்க."

"அப்ப நாங்க என்ன பண்றது?"

"தெரியலைங்க," என்றார். "சாப்பிடுங்க."